எங்கள் வீட்டுக்கு இலவசம் வேண்டாம்

அன்பும் மதிப்பும் குறையாத சம்பந்தி அம்மாளுக்கு,

உங்கள் மகளின் மாமியார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் இளைய மகனும் சுகம். வீட்டின் மூன்றாவது ஆள் ஒன்பது நாளாக உங்களிடம் இருப்பதால் அவளுடைய சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

விஷயத்துக்கு வரும் முன் பிள்ளைகளின் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகளின் மகன் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டிங் பரீட்சை தேறிவிட்டான். அறுபது பேரில் பதினோராவது. ஆனால் அவனுக்கு முன்னால் வந்த பத்துப் பேரும் இரண்டாம் தடவை எழுதியவர்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், ஆக அவன்தான் முதல். அவன் தங்கைக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கிய பெண்ணுக்குக் கை நீளம், அதை எப்படிப் போட்டி என்று சொல்வது. இரண்டாவது மகனின் பெண் கணக்கில் தொண்ணூற்றெட்டு, மீதி இரண்டைக் கூட்டும்போது ஆசிரியைதான் விட்டிருப்பார். அவனுடைய கடைக்குட்டி நாலு வயதில் ஷூ கயிற்றைத் தானே கட்டுகிறான். இரண்டு ஷூவையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறான் என்பது வேறு விஷயம், முடிச்சை ஒருவராலும் அவிழ்க்க முடியவில்லை, அவ்வளவு உறுதி. இவர்களுக்கெல்லாம் மேலே உங்கள் மகள். பல் செட் செய்கிற கூடத்தில் போன மாதம் அவளை மேற்பார்வைக்கு உயர்த்தியிருக்கிறார்கள், அடக்கமான பிள்ளை, உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். என் வாயில் இருக்கிற பல் அவள் கையால் செய்தது. நான் சிரித்தால் அது அவள் சிரிப்பு. ஒன்பது நாளாக அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.

போனில் பேசினால் ஆகாதா என்பீர்கள். போனால்தான் இவ்வளவும் வந்தது, அதை இனி தொடுவதில்லை என்று இருக்கிறேன். அடித்தால் மேலே தலையணையைப் போட்டு அமுக்கிவிடுகிறேன். தவிர நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீங்கள் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வார்டையே ஆண்ட நர்ஸ். பேச்சில் உங்களிடம் நிற்க முடியாது. எழுத்தில் என்றால் நடுவில் யாரும் குறுக்கே வர முடியாதே.

உங்கள் மகள் என் மகனோடு கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவனும் அப்படித்தான் நினைக்கிறான். கதை வேறு.

அவர்கள் இருவருக்கும் டிவியில் போட்டு விளையாடுகிற கேம் என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வாங்குவதில் இருவரும் இரண்டு துருவம். உங்கள் மகள் ஒன்றைத்தான் கேட்பாள், அது வெளிவருவதற்குப் பத்து மாதம் முன்பே கடையில் போய்ப் பேரைக் கொடுத்து, "புக் பண்ணிட்டேன் அத்தை" என்று வந்து உட்காருவாள், அப்புறம் காத்திருப்பாள், அந்தக் காத்திருப்பே அவளுக்குப் பாதி விளையாட்டு. என் மகன் அப்படி இல்லை. லிப்ட் மெக்கானிக் இல்லையா, எந்த மாடியில் கதவு திறக்கிறதோ அங்கே இறங்கிவிடுகிற புத்தி. பல்பு வாங்கப் போவான், தள்ளுபடித் தட்டில் கிடக்கிற கேமில் இரண்டை எடுத்துக்கொண்டு வருவான், பல்பை மறந்துவிடுவான். இப்படி வந்தது பதினேழு இருக்கிறது அலமாரியில், பதினொன்றின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

"பாக்காத பொருளுக்குப் பத்து மாசம் காத்துக் கெடக்கியே, வந்தப்புறம் மொக்கையா இருந்தா என்ன பண்ணுவ?" என்பான் அவன்.

"நீங்க பாத்துத்தானே வாங்குறீங்க, அது நல்லா இருக்கா மொக்கையான்னு சொல்லுங்க பாப்போம்" என்பாள் அவள்.

"பிரிச்சாத்தானே தெரியும்!"

"அப்ப பிரிங்க. அத்தை, கத்தரிக்கோல் எடுத்துட்டு வாங்க, இன்னிக்குப் பதினொண்ணுக்கும் பிரசவம் பாத்துடலாம்."

நானும் கத்தரிக்கோலோடு வருவேன், அவன் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வான். எங்கள் வீட்டில் சண்டை என்றால் இவ்வளவுதான் சம்பந்தி அம்மா, இதற்கு மேல் போனதில்லை.

இப்போது வந்திருக்கிற கேம் ஒரு தொடரின் மூன்றாவது பாகம். ஒரு படகு, அதில் ஒருவர் துடுப்புப் போட வேண்டும், ஒருவர் விளக்குப் பிடிக்க வேண்டும், இருட்டில் தீவு தீவாகப் போக வேண்டும். முதல் இரண்டு பாகத்தையும் கல்யாணமான புதிதில் சேர்ந்து விளையாடினார்கள். இருவரும் அதுவரை ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை, "இடது பக்கம்", "மெதுவா", "நான் பிடிச்சுக்கிறேன்" என்றுதான் பேச்சே ஆரம்பமானது. நான் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் நீர் வந்தது, வெங்காயத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்றாம் பாகத்துக்குத்தான் அவள் பேர் கொடுத்து வைத்திருந்தாள். முன்னாலேயே பேர் கொடுத்தவர்களுக்கு மட்டும் தனிப் பெட்டி, அதில் துணியில் அச்சடித்த கடல் படமும் கையளவு தகர விளக்கும் உண்டாம். கடைக்கு நாலே நாலு பெட்டிதான் வருமாம். பல் செட் கூடத்தில் வேலை நேரத்தில் கைபோனை எடுக்கக் கூடாது என்பதால் கடைக்காரரிடம் எங்கள் வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறாள். வினை அங்கே பிடித்தது.

ஒரு வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி, நான் தனியாக இருக்கிறேன், போன் அடிக்கிறது. ஒரு பெண் குரல், தேனில் நனைத்த மாதிரி.

"மேடம், உங்க பிரீ ஆர்டர் ரெடியா இருக்கு மேடம். கன்ஃபார்ம் பண்ணிடலாமா?"

"என்னம்மா ரெடியா இருக்கு?"

"பிரீ ஆர்டர் மேடம். ஸ்பெஷல் பாக்ஸ். கூட ரெண்டு பொருள் வருது."

எங்கள் பக்கத்து வீட்டுத் தையல்காரியை உங்களுக்குத் தெரியும். அவளை இப்படித்தான் ஒருத்தன் போனில் கூப்பிட்டு, குக்கர் பிரீ, கூட இரண்டு கிண்ணம் என்று சொல்லி, என்னென்னவோ நம்பரைக் கேட்டு வாங்கி ஏமாற்றினான். குக்கரும் வரவில்லை, கிண்ணமும் வரவில்லை, அவள் இரண்டு நாள் மிஷினை மிதிக்காமல் அழுதாள். அது மனசில் இருக்கிறதா, எனக்கு வந்ததே ஒரு வேகம்!

"இங்க பாரும்மா, எங்க வீட்டுல எல்லாரும் உழைச்சுச் சாப்பிடுறவங்க. பிரீயா எதையும் வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்ல. இல்லாதப்பட்டவங்க யாருக்காவது குடு, புண்ணியமாவது சேரும்."

"அப்ப... கேன்சல் பண்ணிடவா மேடம்?"

"நல்லாப் பண்ணு. பேரையே அடிச்சிடு."

வைத்துவிட்டேன். வைத்துவிட்டுத் தையல்காரியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவளும், "பெரியம்மா, உங்களுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லாமப் போச்சே" என்றாள். அன்றைக்கு மத்தியானம் நான் தூங்கிய தூக்கம் மாதிரி பல வருஷமாய்த் தூங்கியதில்லை.

உங்கள் மகள் சனிக்கிழமை லீவு போட்டுக் கடைக்குப் போனாள். போனில் பேசிய பெண் அன்றைக்கு வரவில்லை, முதலாளி நோட்டைப் புரட்டி, வீட்டிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்து இருந்தவருக்குக் கொடுத்தாயிற்று என்றிருக்கிறார். அவள் வெறுங்கையோடு வாசலில் நுழைகிறாள், என் மகன் அதே நேரம் எதிரே வருகிறான், கையில் தள்ளுபடித் தட்டிலிருந்து புதிதாக இரண்டு. அவள் அவன் முகத்தைப் பார்த்து, "நீங்கதானா?" என்று கேட்டாள். அவன் அந்த இரண்டைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆமா, நான்தான். தோணுச்சு, செஞ்சேன். அதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்றான், அதுவும் சிரித்துக்கொண்டே. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை சம்பந்தி அம்மா. அறைக்குள் போய்ப் பையில் துணியை அடுக்கினாள். நான் பின்னாலேயே போய், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றேன்.

"கடையில சொன்னாங்க அத்தை. ஆர்டர் வேண்டாம், பேரையே அடிச்சிடுங்கன்னு நம்ம வீட்டு நம்பர்ல சொன்னாங்களாம்" என்றாள்.

அது வியாழக்கிழமை நான் பேசிய பேச்சு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நேரமே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவளைச் சமாதானப்படுத்தத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போனவள், அவள் வாசலைத் தாண்டும் வரை சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இதை எழுதுவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கஷ்டமான வரி, எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையில் மகனிடம் சும்மா கேட்பது போல், "முன்னாடியே பேர் குடுக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்னடா?" என்றேன். "பிரீ ஆர்டர்மா" என்றான். "பிரீன்னா இலவசம்தானேடா?" "அது வேற பிரீ. இலவசம்னா பல்லு உதட்டுல படணும், இதுக்கு உதட்டை மூடித் திறக்கணும்." பல்லையே தண்ணீரில் போட்டவள் எதை எங்கே பட வைப்பது? எழுதிப் பார்த்தேன். அதற்கும் பிரீ, இதற்கும் பிரீ, நம் எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. நீங்களே ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு என் மேல் கோபப்படுங்கள்.

ஐந்தாம் நாள் நானே அந்தக் கடைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்க இடம், சுவர் பூராவும் கத்தி வைத்திருக்கிற ஆட்களின் படம். தனிப் பெட்டி நாலும் போய்விட்டது. சாதாரணப் பெட்டி எத்தனை வேண்டுமானாலும் இருக்கிறது, ஆனால் அதை நான் வாங்கிப் போனால் என் மகனுடைய தட்டுச் சாமான் மாதிரிதானே ஆகும், அவள் காத்திருந்ததற்கு அது ஈடாகுமா? எனக்கு ஒன்று தோன்றியது.

"நாலாம் பாகத்துக்குப் பேர் எழுதிக்கப்பா" என்றேன் முதலாளியிடம்.

"நாலாம் பாகம் வருமான்னே இன்னும் சொல்லலையே அம்மா."

"சொல்றப்ப முதல் பேரு எங்க மருமக பேரா இருக்கணும்."

"அதுக்கு மூணு நாலு வருஷம் ஆகும்மா."

"ஆகட்டும். நான் எங்கயும் போகல."

அவர் புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில், முதல் வரியில், உங்கள் மகள் பேரை எழுதினார். போன் நம்பர் என்று கேட்டார். இந்தத் தடவை அவள் வேலை செய்கிற கூடத்து ஆபீஸ் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவ்வளவுதான் சம்பந்தி அம்மா. தப்பு என்னுடையது, என் மகன் மேல் ஒரு துளி இல்லை. அவனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை, நேற்று ஏதோ வெளியூர் லிப்ட் வேலை என்று போயிருக்கிறான், சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனான், மெலிந்துவிட்டான். நீங்கள் உங்கள் மகளிடம் இதை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லுங்கள். அவள் என்னைத் திட்டட்டும், வந்து திட்டட்டும். இந்த வீட்டில் சாப்பிட உட்காரும் பலகையை முதலில் அடுத்தவருக்குப் போட்டுவிட்டு அப்புறம் தனக்குப் போட்டுக்கொள்கிற பெண் அவள் ஒருத்திதான். எனக்கு மகள் இருக்கிறாள், அவளே இதை ஒப்புக்கொள்வாள்.

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாடிப்படி ஏறாதீர்கள். தையல்காரி உங்களை விசாரித்தாள். உங்கள் மகளுக்கு என் ஆசீர்வாதம், அவள் ஏற்றுக்கொண்டால்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். என் மகன் தையல்காரி வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டான், எங்கள் வீட்டில் எடுப்பார் இல்லையென்று.

"அம்மா, வேலையும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் மாமியார் வீட்டுல இருக்கேன்."

"கால்ல விழுந்தியாடா?"

"விழ இடம் எங்கம்மா இருக்கு? சோபா முன்னாடி பூரா ஒயரு."

கடைப் பெண் இரண்டாம் நாளே உங்கள் மகளைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டாளாமே! "ஒரு பெரியம்மா, பிரீயா எதுவும் வேண்டாம்னு எனக்குப் புத்தி சொன்னாங்க" என்றாளாம், உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாளாம், எனக்குச் சொல்ல ஏழு தடவை போன் போட்டாளாம், நான் ஏழு தடவையும் தலையணையால் அமுக்கியிருக்கிறேன். "ஆமா நான்தான்" என்று சிரித்ததற்காக அவனை மட்டும் கொஞ்சம் காய விட்டாளாம், அது சரிதான். அதெல்லாம் இருக்கட்டும். செருப்பு வாங்கப் போன நீங்கள், யோசிக்காமல் கொள்ளாமல் பக்கத்துக் கேம் கடையில் நுழைந்து, அந்தச் சாதாரணப் பெட்டியை வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தீர்களாமே? எட்டு நாளாக அவள் விளக்குப் பிடிக்கிறாள், துடுப்புப் போடுவது நீங்களாமே? ஏழாவது தீவாமே? அவனைக் கிட்டே விடாமல், "மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பாறை வருது" என்கிறீர்களாமே?

முழங்கால் வலி என்று இவ்வளவு எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், தாள் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன். தீவெல்லாம் முடித்துவிட்டு நீங்களும் சேர்ந்தே வாருங்கள், இங்கே அலமாரியில் இன்னும் பதின்மூன்று பிரிக்காமல் இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று பேரும் அந்தச் சோபாவில் இருக்கிறபடி புதிதாக ஒரு போட்டோ எடுத்து, தாளில் அச்சுப் போட்டு, எனக்குத் தபாலில் அனுப்பி வையுங்கள். இதற்காக எழுந்து நின்று புடவையைச் சரி செய்ய வேண்டாம், ஆட்டத்தை நிறுத்தாமல் எடுத்தால் போதும்.