சிவப்புக் காருக்குக் காது முளைத்த கதை

இனி ஒரு சனிக்கிழமைகூடக் காரில் அந்தப் பாட்டுக் கசட்டைக் கேட்கப்போவதில்லை என்று முத்துவீரன் சபதம் எடுத்தது பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. சபதத்தின் வேகத்தில் பாதிப் பற்பசையை விழுங்கிவிட்டார்.

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். வயது ஐம்பத்து மூன்று. உடம்பில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. மனதில் இருபத்து மூன்று வயது. இரண்டுக்கும் ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை. ஒரு இடத்தில் உட்காரவும் மாட்டார். உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் அவர் மனைவி ஷாமிளாவின் கண் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்ததும் எழுந்து காரிடம் போய்விடுவார்.

கார் சிவப்பு. இரண்டு கதவு, இரண்டு இருக்கை. கித்தான் கூரை. விளக்கைப் போட்டால் மூடியிருக்கும் இரண்டு கண்களும் தவளை விழிப்பது போல மேலே எழும்பும். முன்பிருந்த சின்ன துரை வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. கூடவே ஒரு கசட்டையும் விட்டுப்போனார். அது ரேடியோவின் வாய்க்குள் சிக்கி, வெளியே வர மறுத்து, ஆறு வருடமாக ஒரே பக்கத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அதுவும் கதவு ஸ்பீக்கர்கள் மழையில் நைந்துபோனதால், சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு யாரோ பாடுவது போல.

"ஷாமிளா, காருக்குப் புது பாட்டு செட் போடணும்."

"மொதல்ல கூரை போடுங்க. போன மாசம் குடை பிடிச்சுகிட்டுக் கார் ஓட்டினீங்கன்னு ஊரே சிரிக்குது."

"அது ஒரு சொட்டு."

"ஒரு சொட்டா? தொப்பலா நனைஞ்ச கால்சட்டைய நான்தானே தோய்ச்சேன்! ஒரு மூட்டை அரிசி வைக்க இடமில்லாத காரு. ஏறினா எறங்க முடியல, எறங்கினா நிமிர முடியல. அதுக்குப் பாட்டு ஒரு கேடா?"

"இப்ப எல்லாம் புளூடூத். போன்ல இருக்கிற பாட்டு அப்படியே கார்ல கேட்கும்."

ஷாமிளா கறிக்கரண்டியோடு திரும்பினாள். கொன்வென்டில் படித்தவள். கேள்வி கேட்டால் நேராக இருக்கும்.

"போன்ல பேசறதும் கேட்குமா?"

 இந்த இடத்தில் முத்துவீரனுடைய ஒரே ரகசியத்தை உங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சனிக்கிழமை தோறும் சாமான் வாங்க இரத்தினபுரிக்குப் போவார். போனை நிறுத்தி முன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். "ஓட்டும்போது போன் எடுத்தா பொலிஸ் புடிக்கும்" என்பது காரணம். நல்ல காரணம். சட்டமே அவர் பக்கம். உண்மைக் காரணம், வழியில் ஒரு வளைவில் வெள்ளையம்மா வைத்திருக்கும் தயிர்க்கடை. கொழுந்தெடுக்கும் வேலையை விட்ட பிறகு அவள் போட்ட கடை. எருமைத் தயிர், வெட்டினால் கட்டியாக நிற்கும். அதன்மேல் கித்துள் பாணி, கித்துள் பனையில் எடுத்த பாகு, தேன் மாதிரி இறங்கும். டொக்டர் விரலை ஆட்டி விலக்கிய சாமான். போகும்போது ஒரு கோப்பை, வரும்போது ஒரு கோப்பை. வாரம் முழுக்கப் பாகற்காயும் குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டியும் தின்று அந்த மனிதன் உயிரோடு இருந்ததே இந்த இரண்டு கோப்பைக்காகத்தான்.

கடையின் மூலையில் சனிக்கிழமைகளில் எப்போதும் ஒரு சட்டி வாழையிலையால் மூடியிருக்கும். பார்த்தாலே தெரியும், அன்றைய தயிரில் அதுதான் அரசி. ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"அது குடுக்க ஏலாதுங்க கிளாக்கர் ஐயா. அது வேற ஆளுக்கு."

"யாருக்கு?"

"சனிக்கிழமை ஆளு ஒண்ணு" என்று வெள்ளையம்மா ஈயை விரட்டப் போய்விட்டாள்.

இப்போது ஷாமிளா கரண்டியோடு காத்திருந்தாள்.

"பேசறதும் கேட்கும்" என்றார் முத்துவீரன், பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் போல. "ஆனா நம்ம ரோட்டுல ஏது சிக்னல்? தோட்டத்துல இருந்து எறங்கி டவுனைக் காணுற மட்டும் போன் செத்த பொணம்."

ஷாமிளா குசினிக்குள் போனாள். ஏதோ ஒரு மூடி விழுந்து உருண்டது. திரும்பி வந்தாள்.

"சரி. போடுங்க."

"என்ன?"

"போடுங்கன்னேன். நல்லதாப் போடுங்க. சத்தம் தெளிவா கேட்கணும்."

கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் ஷாமிளா இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சம்மதித்ததில்லை. வேறொரு ஆம்பிளையாக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பான். நம் கிளாக்கர் விசிலடித்துக்கொண்டு காரைத் துடைக்கப் போனார்.

இரத்தினபுரியில் நிலாம் என்பவர் வாகனங்களுக்கு செட் பூட்டுகிறவர். காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

"ஐயா, இந்த ஓட்டைக்குள்ள பெரிய ஸ்கிரீன் போகாது. பெரிசு வேணுமெண்டா முகப்ப வெட்டணும்."

"வெட்டாதீங்க! இது ஒரிஜினல்!"

"எலி கடிச்ச வயரும் ஒரிஜினல்தான் ஐயா. அதையும் வைக்கவா?"

கடைசியில் பழைய ஓட்டைக்குள் அடங்குகிற சின்ன செட் ஒன்று கிடைத்தது. பழையது போலவே இரண்டு திருகு, உள்ளே மட்டும் புதுசு. கசட்டோடு பழையதைப் பிடுங்கினார்கள். கதவுகளில் இரண்டு, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு என்று நான்கு ஸ்பீக்கர். நிலாம் மணிக்கணக்காக வயரோடு மல்லுக்கட்ட, முத்துவீரன் காரைச் சுற்றிச் சுற்றி நடந்து அந்தத் தெருவுக்கே தலைசுற்ற வைத்தார்.

"இது என்ன, சட்டைப் பித்தான் மாதிரி?" கண்ணாடிக்கு மேலே ஏதோ ஒட்டியிருந்தது.

"மைக். நீங்க பேசறது அந்தப் பக்கம் கேட்கிறதுக்கு."

"அது வேணாம். எனக்குப் பாட்டு மட்டும் போதும்."

"வேணாமா? ஒங்கட வீட்டு நோனாம்மா காலையிலயே போன் கோல் எடுத்து, மைக் கட்டாயம் வைங்கன்னு சொன்னாங்களே. இன்னும் ஒண்ணு ரெண்டும் சொன்னாங்க."

"என்ன ஒண்ணு ரெண்டு?"

"நல்ல ஸ்பீக்கரா போடச் சொன்னாங்க" என்றார் நிலாம். வியாபாரி. சிரிக்காமல் சொன்னார்.

முதல் பாட்டைப் போட்டார்கள். தபேலா நெஞ்சுக்குள் அடித்தது. முத்துவீரனுக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை மறந்துவிட்டார்.

திரும்பி வரும்போது மழை. கூரையின் ஒரு சொட்டு வழக்கம் போலத் தொடையில் விழுந்தது. அது கூடத் தாளத்துக்கு விழுவதாகப்பட்டது. வளைவில் கடையை ஒட்டி நிறுத்தினார். வெள்ளையம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக ஒரு கோப்பையை நீட்டினாள். பாட்டு நின்றது. மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அமைதி.

"சிக்னல் இல்லாம செத்துருச்சு" என்றார் முத்துவீரன் திருப்தியாக. கோப்பை காலி. "இன்னொண்ணு குடு வெள்ளையம்மா. பாணிய நல்லா ஊத்து. கஞ்சத்தனம் பண்ணாத."

"வீட்டுல அம்மா கேட்டா ஐயா?"

"மோர் குடிச்சேன்னு சொல்லுவேன். அந்த மனுசிக்கு என்ன தெரியும்?"

நான்கு ஸ்பீக்கரிலும், கதவு அதிர, ஒரே குரல் வந்தது.

"தெரியும்."

கோப்பை நழுவியது. பாணி மடியில் வழிந்தது. கித்துள் பாணி பட்ட கால்சட்டையை யாராவது தோய்த்துப் பார்த்திருந்தால் அந்த நிமிடத்தின் கனம் விளங்கும்.

"எப்படி... இங்க சிக்னலே இல்லையே!"

"அந்த ரோட்டுல சிக்னல் இருக்கிற ஒரே எடம் அந்த வளைவுதாங்க. தோட்டத்து லயத்துச் சனம் எல்லாம் வெளிநாட்டுல இருக்கிற புள்ளைங்களோட பேச அங்கதான் நடந்து வருது. சனம் கூடுறதாலதான் வெள்ளையம்மா அங்க கடையே போட்டா. ஆறு வருசமா போனை நிறுத்தி வச்சவருக்கு எப்படித் தெரியும்?"

"நான் எடுக்கலியே! அது தானா..."

"தானா எடுக்கிற மாதிரி நிலாம்கிட்ட நான்தான் வைக்கச் சொன்னேன். மணி போகிற மட்டும் விடாம அடிச்சேன். ஓட்டும்போது நீங்க போனைத் தொட்டா பொலிஸ் புடிக்குமில்ல?"

வீட்டுக்கு வந்தபோது ஷாமிளா சத்தம் போடவில்லை. அதுதான் பயங்கரம். பாகற்காயைப் பரிமாறினாள். சட்டம் ஒன்று போட்டாள்.

"சனிக்கிழமை போறப்ப வளைவுக்கு வந்ததும் எனக்குக் கோல் எடுக்கணும். வர்றப்ப டவுன்ல கெளம்பினதும் எடுக்கணும், வளைவுலயும் எடுக்கணும். நிறுத்தாம ஓட்டிகிட்டே பேசணும். எஞ்சின் சத்தம் நின்னுச்சோ, எனக்கு வெளங்கிரும். காரு சந்தைக்குப் போயிரும்."

"கார விக்கிறதா?"

"விக்கிறது இல்ல. யாராச்சும் எடுத்துகிட்டுப் போனாச் சரின்னு குடுக்கிறது."

மூன்று சனிக்கிழமை. மூன்றிலும் முத்துவீரன் சொன்னபடி செய்தார். வளைவு வரும்போது, "வந்துட்டேன்" என்பார். "சரி, போங்க" என்பாள். கடை கண்ணாடியில் வந்து, நின்று, பின்னால் போகும். தயிர்ச் சட்டிகள் வரிசையாக இருக்கும். வாழையிலை மூடிய சட்டியும் இருக்கும். வெள்ளையம்மா கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான்கு ஸ்பீக்கர் என்ன பாடினாலும் காதில் ஏறவில்லை. ஆபீஸில் கால் ஆடிய ஆட்டத்தில் மைப்போத்தல் கவிழ்ந்தது. ராத்திரிச் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு அதை ஏதோ செத்தவர் படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"என்னங்க, மோருக்குக் கும்பிடு போடுறீங்களா?"

"ஒண்ணுமில்ல."

நான்காம் சனிக்கிழமை வளைவில் "வந்துட்டேன்" சொல்லி, "சரி, போங்க" வாங்கிக்கொண்டு போக, டவுனே வந்துவிட்டது. அப்போதுதான் பார்த்தார், சாமான் எழுதிய துண்டு சட்டைப்பையில் இல்லை. மேசையில். சாமானை மாற்றி வாங்கிப்போனால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். கேட்கலாம் என்றால் ஷாமிளா போனை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோழிக்குத் தீனி போடுகிறாளாக்கும் என்று காரைத் திருப்பினார்.

வளைவில் ஒரு ஆட்டோ நின்றது. தோட்டத்து ஆட்டோ.

கடை வாங்குப் பலகையில் ஒரு பெண், முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாழையிலை, பிரித்துப் போட்டபடி. மடியில் சட்டி. கோப்பை கூட இல்லை, நேராகச் சட்டியிலேயே கரண்டி.

"அம்மா, பாணி இன்னும் கொஞ்சம்?" என்றாள் வெள்ளையம்மா.

"ஊத்து. ஏன் கேக்கிற?" என்றாள் ஷாமிளா.

முத்துவீரனுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிடம் வந்ததே இல்லை. காரிலிருந்து இறங்கினார். அவசரத்தில் நிமிரக்கூட மறந்து, அரைக் கூனலோடே போய் நின்றார்.

"பிடிச்சேனா!"

ஷாமிளா திரும்பினாள். வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கினாள்.

"டவுனுக்குப் போனவர் இங்க என்ன செய்றீங்க?"

"நீ என்ன செய்ற? அத சொல்லு! எத்தனை நாளா இது?"

"நாலு வருசமுங்க ஐயா" என்றாள் வெள்ளையம்மா, உதவி செய்வதாக நினைத்து. "சனிக்கிழமை சனிக்கிழமை. நீங்க போன பொறகு வருவாங்க, நீங்க திரும்பி வர்றதுக்கு முன்ன போயிருவாங்க. ஒருநாளு நீங்க முந்தி வந்துட்டீங்க. அம்மா அந்தக் கோழிக்கூட்டுக்குப் பின்னால அரை மணித்தியாலம் குந்தியிருந்தாங்க."

"மழையில" என்றாள் ஷாமிளா. குரலில் அந்த அரை மணித்தியாலம் முழுதும் இருந்தது. "நீங்க ஒண்ணு போதாதுன்னு ரெண்டாவது கேட்டு, அதையும் வழிச்சு நக்கி முடிக்கிற மட்டும். காலெல்லாம் அட்டை. நீங்க எப்ப போறீங்க, எப்ப வர்றீங்கன்னு தெரியாம ஒரு பொம்பளை எத்தனை நாளைக்குக் கோழியோட இருக்கிறது? அதுக்குத்தான் செட்டைப் போடச் சொன்னேன்."

முத்துவீரன் சட்டியை எட்டிப் பார்த்தார்.  சபதம் எடுத்த நாளின் பற்பசை ஏதோ இப்போதுதான் தொண்டையில் இறங்குவது போலிருந்தது.

"அப்ப... நான் சாப்பிடக்கூடாது, நீ மட்டும்..."

"சீனி வருத்தம் எனக்கா ஒங்களுக்கா?"

"எனக்கு."

"பொறகென்ன?"

 ஷாமிளா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஆட்டோக்காரனைப் போகச் சொன்னாள்.

"இனிமே இந்த ஒளிச்சு விளையாட்டு எனக்கும் ஏலாது. அடுத்த சனிக்கெழமையில இருந்து நானும் கார்ல வாறேன். நீங்க கார்லயே இருங்க, எறங்க வேணாம். எறங்கினா ஒங்களுக்கு ஆசை வரும். வெள்ளையம்மா, ஐயாவுக்கு ஒரு ப்ளேன்டீ. சீனி போடாத."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. சனிக்கிழமை தோறும் சிவப்புக் கார் வளைவில் நிற்கும். ஷாமிளா வாங்கில் சட்டியோடு இருப்பாள். முத்துவீரன் காருக்குள் இருப்பார், தொடையில் கூரைச் சொட்டு, கையில் கசந்த ப்ளேன்டீ. பாட்டாவது மிஞ்சியதே என்று நினைத்துத்தான் முதல் நாள் திருகைத் திருப்பினார். ஆனால் அதற்குள் ஷாமிளாவின் போனும் செட்டோடு சேர்ந்துவிட்டிருந்தது. அதைத்தான் செட் முதலில் தேடுகிறது. பாட்டு வரவில்லை. மணி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. தானாக எடுத்தது. மஸ்கெலியாவில் இருக்கும் மச்சினியின் குரல், நான்கு ஸ்பீக்கரிலும், கணீரென்று:

"அக்கா, தயிர்க்கடைக்கு வந்துட்டீங்களா? புது டிரைவர் ஒழுங்கா ஓட்டுறாரா?"

முத்துவீரன் கண்ணாடிக்கு மேலே இருந்த பித்தானைப் பார்த்தார்.

"ஓட்டுறேன்" என்றார்.