எஃப்-4 விசையை மும்முறை அழுத்திய படலம்

வாழி அனுசுயா! திருத்தணி மலையடிவாரத்து அன்னதானச் சத்திரத்தின் அடுப்படியை ஆளும் அரசி, பழைய லேப்டாப்பின் பன்னிரண்டு எஃப் விசைகளையும் அஞ்சாது நோக்கும் நெஞ்சுரத்தாள், ஆடிக் கிருத்திகைத் தெப்பம் மூன்று நாளுக்கும் அரிசிப் பட்டியலைக் கணினியிலேயே போட்டுத் தருவேன் என்று தலைமைச் சமையற்காரனாகிய தன் கணவன் குணசேகரன் முன் சூளுரைத்த மாதரசி வாழி!

பதினொரு மணிக்குக் கனகம்மாசத்திரத்து அரிசி மண்டியின் வண்டி புறப்படும். அதற்குள் பட்டியல் போகாவிட்டால் குணசேகரன் வழக்கம்போல் போனில் ஒரு குத்துமதிப்பைச் சொல்லிவிடுவான். அடுத்த ஆடி வரை அதைச் சொல்லியே சிரிப்பான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியாது.

கணினிக் கணக்குத்தாளின் உச்சி அறையில் 'தலைக்கு நூற்றைம்பது கிராம்' என்னும் மன்னனை அமர்த்தினாள். முதல் நாளின் எண்ணூறு பேரை அவனோடு பெருக்கினாள். நூற்றிருபது கிலோ வந்தது. வெற்றிக் களிப்பில் சூத்திரத்தைக் கீழே இழுத்தாளோ இல்லையோ, அதுவும் ஒரு படி இறங்கி, மன்னனை விட்டுவிட்டு அவனுக்குக் கீழிருந்த வெற்றறையை எட்டிப் பார்த்தது. அந்தோ! இரண்டாம் நாள் ஆயிரத்திருநூறு பேருக்கும் சைபர். மூன்றாம் நாளைக்கும் அதே.

அறையின் முகவரியைப் பூட்ட எஃப்-4 என்று வீடியோவில் பார்த்திருந்தாள். எத்தனை முறை என்று பார்க்கவில்லை. சன்னதியைச் சுற்றினாலும் திருஷ்டி கழித்தாலும் மும்முறை என்பதே அவள் வீட்டு வழக்கம். ஆகவே பயபக்தியோடு மும்முறை அழுத்தினாள். முதல் அழுத்தில் முகவரியின் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னே இரு டாலர் குறி வீரர்கள் காவல் நின்றார்கள். மூன்றாம் அழுத்துக்குள், எண்ணை நகரவிடாமல் தடுக்க வேண்டியவன் கழன்றுகொண்டான். இழுத்தாள். மீண்டும் சைபர்.

"ஏங்க, மூணு தரம் அமுக்கிட்டேன். சைபராவே வந்துகினு இருக்குது."

"மணி பத்தே முக்கா ஆவுது. நானே எட்டு, ஒம்போது மூட்டைன்னு சொல்லிடட்டா?"

"மொதல்ல போனைக் கீழ வைங்க."

இவ்வாறு ஆணையிட்ட வீராங்கனை, முந்தானையால் நெற்றி வியர்வையை ஒற்றி, பழையதை அழித்து, இம்முறை கண் இமைக்காமல் ஒருதரம் அழுத்தினாள். வீரர் இருவரும் தோன்றக் கண்டு, துடித்த விரலை அடக்கி நிறுத்தினாள். இழுத்தாள். நூற்றெண்பது, நூற்றுமுப்பத்தைந்து எனக் கிலோக்கள் அணிவகுத்து இறங்கின. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பட்டியல் வாட்ஸ்அப்பில் பாய்ந்தது. குணசேகரன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

மதியம் அரிசி வந்து இறங்கியது. பருப்புக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.