ஒத்தை ஒயர் அங்கிளும் அக்னி மூலையும்

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டுக் கொல்லைப்புறம் வரைக்கும் இன்டர்நெட் வருவதற்கும், மீதிப் பேர் வீட்டு ஆட்டிக், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரண், இன்னும் தீப்பிடிக்காமல் இருப்பதற்கும் ஒரே காரணம் ஒத்தை ஒயர் அங்கிள்தான். நான் மிகைப்படுத்தவில்லை. சரி, கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இதற்காக என்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இல்லாமலா இருக்கும்? எட்டு வருடப் பழக்கத்தில் கேட்கத் தோன்றவே இல்லை. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஹூஸ்டனில் ஏதோ ஒரு எண்ணெய் கம்பெனியில் நெட்வொர்க் வேலை. கோயிலுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தாலும், அதன்மேல் இடுப்பில் கறுப்புப் பை ஒன்று தொங்கும். அதற்குள் ஒயரை வெட்டுவதற்கும் வெட்டிய நுனியில் தலை மாட்டுவதற்கும் வேண்டிய சகல ஆயுதங்களும் இருக்கும்.

அவர் கொள்கை ரொம்ப எளிமையானது. ஒரு கருவிக்கு ஒரே ஒரு ஒயர்தான் போக வேண்டும். சேதியும் அதிலேயே, கரண்டும் அதிலேயே. கூரைமேல் வெள்ளை சோப்பு டப்பா மாதிரி உட்கார்ந்துகொண்டு எதிர்க் கூரையில் இருக்கும் இன்னொரு டப்பாவோடு காற்றில் பேசுமே, அந்த ரேடியோவுக்கும் இதே சட்டம்தான். கீழே ரூமில் இன்டர்நெட்டைப் பங்கு போட்டுக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒயர் ஒன்று மேலே போகும். சாப்பாடும் பேச்சும் அந்த ஒன்றிலேயே. தனியாக அடாப்டர் மாட்டுகிறேன் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போச்சு.

"ஏனுங்க, கூரை மேல பிளக் பாயின்ட்டா வெச்சுக் கட்டியிருக்கீங்க? மழையில எக்ஸ்டென்ஷன் கார்டை இழுத்துட்டுப் போனா, ரேடியோ வேலை செய்யுமோ என்னமோ, உங்களுக்குக் காரியம் செய்ய வேண்டி வந்துருமுங்க!"

எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர், பூஜை அறையைப் பார்க்கவில்லை, என் மாமியார் ஆசையாகக் காட்ட வந்த கிரானைட் கிச்சனையும் பார்க்கவில்லை. நேரே டிவிக்குப் பின்னால் தலையை விட்டார். "ஆறு அடாப்டர்! அம்மிணி, இது வீடா, குருவிக்கூடா?" என்று கேட்டுவிட்டு ஆட்டிக்கில் ஏறினார். ஆகஸ்ட் மாத டெக்சாஸ் ஆட்டிக். அப்பளத்தை எண்ணெய் இல்லாமலே பொரித்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கியபோது மனிதர் தொப்பலாக நனைந்திருந்தார். எங்கள் வீட்டில் அடாப்டர் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. இலையில் உட்கார்ந்து ஒரு வாய் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஒயர் நுனியிலும் சீட்டு ஒட்டினார். மொய்க் கவருக்குப் பதில் அவர் கொடுத்த பரிசு, பளபளவென்று ஜிகினாத்தாள் சுற்றிய நூறு அடி கேபிள். என் மாமியார் அதைப் புடவை என்று நினைத்துப் பிரித்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நானே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என் தங்கை ஹேமாவின் கல்யாணம் வந்தது. கேட்டிக்கு வெளியே இருக்கும் கோயிலில் நாள் குறித்தாயிற்று. டிக்கெட் போட்ட பிறகு சென்னையில் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவும் இல்லாத வீட்டில் ஹேமாவை மடியில் போட்டு வளர்த்த மனிதர். "கன்னிகாதானத்தை நீயும் மாப்பிள்ளையும் பண்ணிக் குடுங்கோ. தாலி ஏறறதை மட்டும் என் கண்ணுல காட்டிடு, போறும்" என்றார். ஹேமாவோ, "அப்பா பாக்கலேன்னா நான் தலை குனிய மாட்டேன், தாலி எப்படிக் கட்டுவாங்கன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிற ஜாதி அவள்.

கோயில் ஆபீஸில் இன்டர்நெட் இருந்தது. கல்யாண மண்டபமோ மரங்களைத் தாண்டி நிலத்தின் கடைசியில், தகரக் கூரைக்கு அடியில். உள்ளே போனால் ஃபோன் செத்துவிடும். கோயில் கமிட்டியில் நெட்வொர்க் ஆர்க்கிடெக்ட், க்ளவுட் ஆர்க்கிடெக்ட், அந்த ஆர்க்கிடெக்ட்டுகளுக்கெல்லாம் டைரக்டர் என்று எத்தனையோ பேர். ஏணியில் ஏறத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அங்கிள் இரண்டு சனிக்கிழமை வந்தார். ஆபீஸ் கூரையில் ஒரு ரேடியோ, மண்டபக் கூரையில் ஒரு ரேடியோ. மணமேடைக்குப் பின்னால் இருந்த குட்டி ரூமில், வடகிழக்கு மூலைப் பலகைமேல் ஸ்விட்ச் பெட்டி. முந்தின நாள் காலை அப்பா லேப்டாப்பில் பளிச்சென்று வந்து, "பந்தல்ல வாழை மரம் சாஞ்சிருக்கு பார்" என்று குறை சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

கல்யாணத்தன்று காலை அப்பா முகம் வந்தது. நின்றது. மறைந்தது. மறுபடி வந்தது, பாதி வாயோடு உறைந்தது. ஹேமா மேடையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்.

அங்கிள் பின் ரூமுக்கு ஓடினார். ஸ்விட்ச் இல்லை. பலகையும் இல்லை. ரேடியோவிலிருந்து இறங்கிய ஒயர் மட்டும் தலை உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் வேறொரு ஒயர் ஒட்டுப் போட்டிருந்தது. நாங்கள் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். வாசலைத் தாண்டி, பந்தியைச் சுற்றி, சமையல்கட்டுக்குள் போனோம். அங்கே சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் இட்டு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது ஸ்விட்ச்.

கமிட்டி செயலாளர் பெருமையோடு வந்தார். பகல் முழுக்க க்ளவுட் ஆர்க்கிடெக்ட், சாயங்காலம் வாஸ்து பார்க்கிறவர். "ஈசானிய மூலையில கரண்ட் பெட்டி இருக்கலாமா சார்? தம்பதிக்கு ஆகாது. நேத்து ஈவினிங் நானே அக்னி மூலைக்கு ஷிஃப்ட் பண்ணிட்டேன். பலகையையும் சேர்த்துத்தான்."

"நடுவுல எத்தனை அடி ஒயருங்க போட்டீங்க?"

"நீங்க ரெண்டு நுனியிலயும் தலை மாட்டி மீதி வெச்சுட்டுப் போன ரோல் அப்படியே இருந்துது. முழுசையும் மாட்டிட்டேன். வெட்டினா அப்புறம் தலை மாட்டணுமே, யாருக்குத் தெரியும்?"

அடுப்புக்குக் கீழே நானூறு அடி ரோலில் மீதி ஒயர் தேர்வடம் மாதிரி சுருண்டு கிடந்தது. அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார்.

"முந்நூறு அடி தாண்டுனாலே கரண்டுக்கு மூச்சு வாங்குமுங்க. அந்த ரேடியோ பாவம், அரை வயித்துக் கஞ்சியில எந்திரிக்குது, மயக்கம் போட்டு உளுகுது. எந்திரிக்குது, உளுகுது. அங்கெ ஒரு மனுசன் நெஞ்சுல தையல் போட்டுட்டு, புள்ளை கல்யாணத்தைப் பாக்கோணும்னு உக்காந்திருக்காரு. உங்களுக்கு மூலை கேக்குதா?" என்று கேட்டார். எட்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

செயலாளர் ஸ்விட்சை விடுவதாக இல்லை. ஒரு பக்கம் அவர் இழுக்க, ஒரு பக்கம் அங்கிள் இழுக்க, மாலை அறுந்து சாமந்தி சாம்பாரில் விழுந்தது. அதற்குள் மேடையிலிருந்து சாஸ்திரிகளே எழுந்து வந்துவிட்டார். "ஓய், அக்னி மூலை அடுப்புக்குத்தான். முகூர்த்தம் போயிண்டிருக்கு. அவர் கேக்கற இடத்துல வையும்!" என்று ஒரு அதட்டல் போட்டார். செயலாளர் கையை எடுத்தார்.

அங்கிள் பெட்டியோடு ஓடினார். அந்த ஓட்டத்தில் வேட்டி நின்றதே தெய்வச் செயல். நான் மனையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். திடீரென்று லேப்டாப்பில் அப்பா. நெற்றியில் விபூதி, தோளில் அங்கவஸ்திரம், சட்டைக்கு மேலே தெரிந்த தையல் தழும்பு. "தெரியறதும்மா, நன்னா தெரியறது" என்றார். ஹேமா அவரைப் பார்த்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. அப்பா அழுதார், ஹேமா அழுதாள், என் கணவர் புகை என்று சொல்லிக்கொண்டு அழுதார். ஒரு விநாடிகூடப் படம் நிற்கவில்லை.

அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து, எல்லாம் முடிந்தபிறகு அப்பா கேட்டார். "இந்த லைன் போட்டாரே, அவர் சாப்பிட்டாரா?"

எனக்குச் சுரீர் என்றது. பின் ரூமுக்குப் போனேன். அங்கிள் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்விட்சைத் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு நின்றார். கூரை ஒயர் அதுவரைக்கும்தான் எட்டியது; வேறு துண்டு வெட்டித் தலை மாட்ட நேரம் இருந்திருக்காது. வைக்கப் பலகை இல்லை, நாற்காலியெல்லாம் வெளியே விருந்தாளிகளுக்குப் போய்விட்டது. முக்கால் மணி நேரமாக அப்படியே நின்றிருக்கிறார். மேடைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர். கல்யாணத்தில் ஒரு துளிகூட அவர் பார்க்கவில்லை.

"என்ன அங்கிள் இது! யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கை மாத்தறப்போ ஆடிப்போச்சுன்னா? அப்பா பாத்துட்டாருங்களா?"

"பார்த்துட்டார்."

"அது போதுமுங்க." பெட்டியை இறக்காமலே முகவாயால் சட்டைப் பையைக் காட்டினார். "மேளம் காதுல கேட்டுது அம்மிணி. சட்டைப் பையில அட்சதை வாங்கி வெச்சிருந்தேன், போட கை காலி இல்லை. நீங்களே எடுத்துக் கொண்டுபோய்ப் புள்ளை தலையில போட்டுருங்க."

எடுத்தேன். பாதியை ஹேமாவுக்கென்று வைத்துக்கொண்டு, மீதியை எக்கி நின்று அவர் தலையில் போட்டேன்.