மாப்பிள்ளை கையோடு வந்த நகம்

என் வலது காலின் கட்டைவிரலில் நகம் கிடையாது. அதற்குக் காரணம் நானும் ஒரு டாக்டரும்தான். ஆனால் பழியை இன்றுவரை சுமப்பவர் என் கணவர்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். அந்த நகம் சதைக்குள்ளேயே வளர்ந்து மாதம் தவறாமல் சீழ் வைக்கும். கள்ளக்குறிச்சி டாக்டர், "மரத்துப்போக ஊசி போட்டு நகத்த எடுத்துட்டு, வேர்ல ஃபீனால் வச்சிட்டா அப்புறம் மொளைக்கவே மொளைக்காது. ஆற ஒரு மாசம் ஆவும்" என்றார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆனால் எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ் போனால்தானே? சாலை முழுக்கப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். (போராட்டத்துக்கு என் கட்டைவிரலும் தன்னால் ஆனதைச் செய்தது.) ஒருவழியாக டாக்டரிடம் போய் வேலை முடிந்தபோது கல்யாணத்துக்குப் பத்தே நாள்.

பெண் பார்க்க வந்த அன்றே மாமியார் என்னை இரண்டு தரம் நடக்கவிட்டுப் பார்த்தவர். நகமில்லாத பெண் என்று தெரிந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று எனக்கு ஒரே பயம். அப்பாவின் தங்கையான என் அத்தை, "தாலி ஏர்ற வரைக்கும் வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டாள். வாயைத் திறக்கவில்லை. மூளை சும்மா இருக்குமா? புண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் நகம் போல் வெட்டிய இன்னொரு துண்டை ஒட்டி, சிவப்பு நகப்பூச்சு அடித்தேன். மற்ற ஒன்பதையும்விட அதுதான் லட்சணமாக இருந்தது!

தாலி ஏறியது. அப்பாடா என்று இருந்தேன். அம்மி மிதிப்பது என்று ஒன்று இருப்பது அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போயிற்று. மாப்பிள்ளை குனிந்து, என் கட்டைவிரலைக் கெட்டியாகப் பிடித்துக் காலை அம்மி மேல் தூக்கி வைத்தார். நான் போட்ட கத்தலில் மேளம் நின்றது. மஞ்சளிலும் தண்ணீரிலும் ஊறியிருந்த பிளாஸ்திரி, போலி நகத்தோடு சேர்ந்து அவர் கைக்குப் போயிருந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். "ஐயோ, புடுங்கிட்டேன்" என்றபடி மயங்கி விழுந்தார்.

"மெட்டி போடுடான்னா பொண்ணு நகத்தப் பேத்துட்டியேடா, பாவி!" என்று மாமியார் மயங்கிக் கிடந்த மகனைத் திட்டித் தீர்த்தார். விசிறியும் சோடாவும் எனக்குத்தான் வந்தன. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்; அத்தை அதில் சோடாவை ஊற்றினாள்.

நகம் முளைக்கும் என்று மாமியார் ஆறு மாதம் வேப்பெண்ணெய் தடவினார். எனக்கே மனசு கேட்காமல் ஒருநாள் அவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"இன்னா பொண்ணும்மா நீ! புருசன வுட்டுக் குடுக்காம டாக்டர் மேல பழியப் போடுற பாரு" என்று கண் கலங்கினார். அதோடு சரி. இப்போதும் எங்கள் வீட்டில் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்கக்கூட யாரும் என் கணவரிடம் கொடுப்பதில்லை.