மணல்மேட்டில் பனிச்சறுக்கு

1956 பிப்ரவரி, ஒரு ஞாயிறு, காலை ஏழு மணி. மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல்மேடு. பார்க்க வந்தவர்கள்: செங்கல்பட்டுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர், ஆசிரியர்கள் நால்வர், மீனவர் சிலர். சறுக்க வேண்டியவர்கள் இருவர். சறுக்கியவர் ஒருவர்.

அந்த ஒருவர் சறுக்கு மேஸ்திரி. பனிக்கட்டியைச் சோடாக் கடையில் மட்டுமே கண்டிருந்த எங்கள் ஜில்லாவில் பனிச்சறுக்கு கற்பித்த ஒரே மனிதர். உலகத்திலேயே மிகப் பொறுமையான ஆசிரியரும் அவரே. ராணுவத்தில் இருந்தபோது வடக்கே மலைகளில் பழகியவர். ஊர் திரும்பியதும், பனி இல்லாதது ஒரு குறையே அல்ல என்று முடிவுசெய்து, மாம்பலகை இரண்டின் முனையை வளைத்துக் காலில் கட்டிக்கொண்டார்.

முதலில் பலகைக்கு விளக்கெண்ணெய் பூசினார். மணல் அதில் அப்பிக்கொண்டு, பாதி மேடு அவரோடு கீழே வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் கேட்டார்: “இன்னா மேஸ்திரி, மேட்ட வூட்டுக்கே இட்டுகினு போறியா?”

“நாளைக்கு மெழுகு தடவிப் பாக்கலாம் அண்ணாத்த.”

மெழுகு வழுக்கியது.

நான் அவருடைய ஒரே மாணவன். தத்துவத்தில் பட்டம் பெற்று, அந்தப் பள்ளியிலேயே ஆசிரியனாக இருந்தேன். சாய்வு, சமநிலை என்றெல்லாம் குறிப்பெழுதி எடுத்துச் சென்றேன். மேஸ்திரி நோட்டை மூடிவைத்தார்.

“மொதல்ல வுழணும் சார். வுழுந்து எந்திரிக்கத் தெரிஞ்சவனுக்குப் பயம் கீதா? பயம் போச்சுன்னா காலு தானா வளையும்.”

“விழுவதை எப்படிக் கற்பது?”

“நான் வுழறேன், பாத்துக்க. அப்பால நீ.”

மாணவனுக்கு முன்பாக ஆசிரியர் விழ வேண்டும் என்பதை நான் படித்த எந்தக் கல்விக் கொள்கையும் சொல்லவில்லை. மீசை நிறைய மணலோடு மூன்று மாதம் விழுந்து காட்டினார். நானும் விழுந்தேன், ஒவ்வொரு முறையும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு. இறுதியில் சறுக்கவும் வந்தது.

பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் இடம் காலியானது. மேஸ்திரிக்கு அந்த வேலை வேண்டும். அதற்காகவே அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு. அவர் உச்சியிலிருந்து ஒரு கோடு இழுத்ததுபோல் இறங்கி வந்தார்.

“நீர் சறுக்குவது இருக்கட்டும். உம்மிடம் கற்றவர் எங்கே?” என்றார் தலைமையாசிரியர்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். சக ஆசிரியர்களின் உதட்டோரம் சிரிப்பு தயாராக இருந்தது.

“நான் கோயில் பார்க்க வந்தேன்,” என்றேன்.

மேஸ்திரி பலகையைக் கழற்றினார். “இன்னும் யாரும் கத்துக்கல சார். நம்ம சொல்லிக்குடுக்கறதுலதான் கோளாறு கீது.”

வேலை வேறொருவருக்குப் போயிற்று. மேஸ்திரி லாரி ஓட்டப் போனார். சென்ற வாரம் மதுராந்தகத்தில் காலமானதாகச் செய்தி வந்தது.

நான் செய்யாமல் விட்டவை:

அன்று கையை உயர்த்துவது.

மதுராந்தகம் வரை ஒருமுறை போய்வருவது.

அவருடைய இயற்பெயரைக் கேட்டுவைத்துக்கொள்வது.

‘உங்கள் ஆசிரியர் யார்?’ என்று இத்தனை ஆண்டுகளில் கேட்டவர்களிடம் முதலில் அவரைச் சொல்வது.