கவ்வாத்து அண்ணன் வெட்டாமல் விட்ட வேலி

டிக்கோயாப் பக்கம் இடுப்புக்கு மேலே வளர்ந்த செடி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால், அது கவ்வாத்து அண்ணனின் கண்ணில் இன்னும் படவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். முப்பது வருடம் தேயிலைச் செடிகளை ஒரே மட்டமாகக் கவ்வாத்து வெட்டியவர். வேலையிலிருந்து நின்ற பிறகும் கத்தி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. நிஜப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

கோயில் துளசியை மட்டம் தட்டிப் பூசாரியிடம் ஏச்சு வாங்கினார். ஒரு கல்யாண வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களை மாப்பிள்ளை வருவதற்குள் இடுப்பளவாக்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அது எங்கள் லயத்து வீடுகளின் வழக்கம் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். என் கொண்டையைக்கூட ஒரு தடவை உற்றுப் பார்த்தார். அன்றிலிருந்து அவரைக் கண்டால் முக்காடு போட்டுக்கொள்வேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் மானம் போய் மாட்டியது.

லயத்துக்குப் பக்கத்துக் காணியில் ஓட்டல் ஒன்று வந்தது. சாப்பாட்டு அறைக்கு முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதற்கு நேர் எதிரே பீலி. மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் அந்த இடத்தில்தான் நாங்கள் குளிப்போம், துவைப்போம். விருந்தாளிகள் இடியப்பத்தோடு எங்களையும் பார்த்தார்கள். சிலர் போனைத் தூக்கிப் படமும் எடுத்தார்கள். பெண்கள் நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் அடுத்த டிவிஷன் பீலிக்கு ஒன்றரை மைல் நடக்க ஆரம்பித்தோம்.

என் அக்கா ராசாத்தி விடவில்லை. மேனேஜரிடம் நேரே போய்ப் பேசினாள். நல்ல மனுஷன், எல்லையில் சைப்பிரஸ் வேலி நட ஒத்துக்கொண்டார். செடி தெரிந்த ஆள் என்று கவ்வாத்து அண்ணனையே அதற்குப் போட்டார். எங்களைக் கேட்டிருந்தால் மாட்டைப் போடச் சொல்லியிருப்போம்.

கன்றுகள் ஜோராக வந்தன. நெஞ்சளவு வந்த அன்று காலையில் பார்த்தால் மொத்த வேலியும் இடுப்பில் நிற்கிறது. பிறகு இன்னொரு தடவை. மூன்றாம் தடவை அக்கா அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஏண்ணே வெட்டுனீங்க?"

"கைக்கு எட்டாத கொழுந்த யாரு எடுக்குறது, தங்கச்சி?"

"சைப்பிரஸ்ல யாருண்ணே கொழுந்து எடுக்கப் போறா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எடுக்காட்டியும் மட்டம்னு ஒன்னு இருக்குல்ல."

அக்கா சண்டை போடவில்லை. மேனேஜரிடம் சொல்லி அவரைக் கண்ணாடி ஓரத்து மேசையில் உட்கார வைத்தாள். பிளேன்டீ வந்தது. அண்ணன் துரை மாதிரி சாய்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்தார். பீலியடியில் அக்கா வாளியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையை ஒழுங்காகக் கட்டித்தான் நின்றாள். ஆனாலும் அவருக்குப் பிளேன்டீ இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாக்குத் துணியில் சுற்றிய கத்தியை அக்காவின் கையில் கொடுத்தார்.

"இது இடுப்புல இருந்தா ஏங் கை சும்மா இருக்காது. வேலி ஒந் தலைக்கு மேல போனப்பறம் குடு."

அதற்குப் பிறகு வேலியோரமாகப் போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். வாரம் ஒரு தடவை அக்காவை வேலியோரம் நிற்க வைத்து அளவு பார்த்தார். "நீ குள்ளமாப் பொறந்தது நல்லதாப் போச்சு தங்கச்சி, இல்லாட்டி நான் செத்தே போயிருப்பேன்." போகிற போக்கில் எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்து, "கத்தி சொகமா இருக்கா?" என்றும் கேட்பார்.

அவர் மூன்று தடவை வெட்டியதும் வீண்போகவில்லை. வேலி அடியிலிருந்தே அடர்ந்து, ஓணான் நுழைய இடமில்லாமல் வளர்ந்தது. போன மாதம் அக்காவின் தலையைத் தாண்டியது. நாங்கள் எங்கள் பீலியிலேயே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு குளித்தோம்.

அக்கா கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டுபோனாள். அண்ணனின் கை நீண்டது. அப்போது அக்காவின் மகள் குளித்துவிட்டு வேலியோரமாக வந்தாள். பத்து வயதுதான். அதற்குள் அக்காவின் தோளுக்கு வந்துவிட்டாள்.

அவர் பிள்ளையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வச்சிரு தங்கச்சி. புள்ள ஒன்னவிட ஒசரமா வரும்."

நான் இப்போது அவர் முன்னால் முக்காடு போடுவதில்லை.