எபி அக்காவும் ஓர் இலையும்

விறைப்பூசி இல்லாமலே மனிதருக்குப் பல்லுப் பிடுங்கலாம் என்று உலகத்தில் முதன்முதலாக நிரூபித்தவர் எங்கள் எபி அக்காதான். சந்தேகம் உள்ளவர்கள் வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஏதாவதொரு ஒழுங்கையில் நின்று, எதிர்ப்படுகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கடைவாய்ப் பல் போன கதையைக் கேட்டால் காதல் கதையைத்தான் சொல்வார்கள்.

காலி வீதியில் ஒரு பல் கிளினிக். அங்கே வாசலில் இருந்து நம்பர் கொடுக்கிறவர் எபி அக்கா. உள்ளே டொக்டருக்குப் பக்கத்தில் நின்று குறடும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கிறவள் நான். டொக்டர் அதிகம் கதைக்கமாட்டார். "ஆ", "இன்னும் ஆ", "துப்புங்கோ" என்ற மூன்று சொல்லிலேயே அந்த மனுசன் வீட்டையும் நடத்துகிறார் என்பது அக்காவின் திடமான நம்பிக்கை.

இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்கள் ஓர் அத்தியாயத்தை எபிசோட் என்பார்கள். வாசகிகளுக்கு அவ்வளவு நீளத்துக்குச் சொல்லப் பொறுமையில்லை, 'எபி' என்று விட்டார்கள். அக்கா ஒரு வலைப்பூ வைத்துக் காதல் நாவல் எழுதிக்கொண்டிருந்ததால் கிளினிக்கில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. புனைபெயர் வேறு இருந்தது. நிலா வைப்பதா, பனி வைப்பதா, மழை வைப்பதா என்று யோசித்து, எதையும் விட மனமில்லாமல் 'பனிமழைநிலா' என்று வைத்திருந்தார். வலைப்பூவைத் திறந்தால் ரோஜாவாக உதிரும். உதிர்கிற வேகத்தில் எழுத்தே தெரியாது.

முதல் வாசகி நான். இரண்டாவது வாசகியும் நான்தான், கிளினிக் கொம்பியூட்டரில் இருந்து. மூன்றாவதாக யாரும் வரக் காணோம் என்றபோதுதான் அக்காவின் பார்வை நோயாளிகள் மேல் விழுந்தது.

எங்கள் டொக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, வாய் விறைக்கும் வரை நோயாளியை வெளியே அனுப்பிவிடுவார். அந்த இடைவெளி எபி அக்காவுக்கென்றே கடவுள் ஒதுக்கிய நேரம். வாய் விறைத்த மனிதரால் எழுந்து போகவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அக்கா ஃபோனை எடுத்து, தொண்டையைச் செருமி, அன்றைய எபியை வாசிக்கத் தொடங்குவார். கதாநாயகி மலை உச்சியில் அழுதுகொண்டு நிற்கும்போது சரியாக உள்ளே நம்பர் கூப்பிடும். நாற்காலியில் படுத்த பிறகும் அந்த மனிதர் டொக்டரைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார்.

"ழங்கச்சி, அவழ் குழிச்சாளோ?"

"ஒண்டும் குதிக்கேல்லை ஐயா. ஹீரோ பிடிச்சிட்டார். நீங்கள் ஆ எண்டு சொல்லுங்கோ."

பல்லு வந்ததே தெரியாது. பயத்தில் ஊசியே வேண்டாமென்று அழுத ஒரு மாமி, அக்காவின் திருமண எபி ஒன்றைக் கேட்டபடியே வெறும் வாயோடு பிடுங்கிக்கொண்டு போனார். ஆடிக்கொண்டிருந்த பல்லுத்தான், என்றாலும் பல்லுப் பல்லுத்தானே! வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவர் கதை கேட்பதற்காகப் பல்லே இல்லாத இடத்தில் பல்வலி என்று வந்தார். டொக்டர் டோர்ச் அடித்து நெடுநேரம் தேடினார், பாவம்.

அந்த நாட்களில் அக்காவின் நாயகர்கள் எல்லாரும் ஊட்டியில் இருந்தார்கள். எல்லாருக்கும் ஆறடி, எல்லாருக்கும் தேயிலைத் தோட்டம், எல்லாருக்கும் பொல்லாத கோபம். பேசுவதும் இந்தியத் தமிழ்தான்.

"அக்கா, ஊட்டி பாத்திருக்கிறியளோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நுவரெலியா பாத்திருக்கிறன். அதுக்கு மேலை கொஞ்சம் காசைப் போட்டா ஊட்டி."

அந்தத் தைரியத்தில்தான் ஒரு நாயகனையும் நாயகியையும் பின்னேரம் ஊட்டியில் தேநீர் குடிக்க வைத்து, பொழுதுபடுவதற்குள் மெரினா கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார். வெள்ளவத்தையில் இருக்கிறவர்களுக்கு எங்கிருந்து இறங்கினாலும் கடல் வரும், அந்தப் பழக்கம். அதற்குத்தான் வலைப்பூவின் முதல் வெளியாள் வந்தார். கோயம்புத்தூரில் இருந்து ஒரு பெண். "சிஸ், ஊட்டியிலேர்ந்து மெரினாவுக்கு நடந்தேவா போனாங்க?" என்று கேட்டிருந்தார்.

அக்கா கொஞ்சமும் அசையவில்லை. "காதல் எண்டால் நடப்பினம்" என்று பதில் போட்டார். கோயம்புத்தூர் அசந்துபோய் அன்றிலிருந்து நிரந்தர வாசகி ஆகிவிட்டார்.

ஏற்றம் இருந்தால் இறக்கமும் இருக்கும் அல்லவா. யாரோ ஒருவர் "எல்லாக் கதையும் ஒரே கதை, ஹீரோவோட சட்டை கலர்தான் மாறுது" என்று எழுதிவிட்டார். அன்று மாலையே அக்கா எழுத்துலகில் இருந்து நிரந்தரமாக ஓய்வு பெறுவதாகக் கறுப்புப் பட்டை கட்டி அறிவித்தார். மறுநாள் காலை, 'வாசகர்களின் இடைவிடாத வேண்டுகோளுக்கிணங்க' மீண்டும் வந்தார். அந்த இடைவிடாத வேண்டுகோள் நான் விடுத்ததுதான். "என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்குது, பிளேன்டீ ஊத்தட்டோ?" என்று கேட்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு பதிப்பகம் போட்டி வைத்தது. இணையத்தில் தொடராக எழுதி முடித்த நாவல்களில் ஒன்றைத் தேர்ந்து புத்தகமாகப் போடுவார்களாம். அக்காவுக்கு அதுவரை ஒரேயொரு ஆசைதான் இருந்தது, அதை எனக்கு ஆயிரம் தரம் சொல்லியிருப்பார்.

"ஃபோனிலை வாறது விரலாலை தள்ளினாப் போயிடும் பிள்ளை. புத்தகம் எண்டால் அப்பிடியே? இந்த மேசையிலை கிடக்க வேணும். பல்லுவலிக்காரர் ஆரும் எடுத்துப் பாத்திட்டு, 'உதை எழுதினது நீங்களோ'ண்டு கேக்க வேணும். அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் வேண்டாம்."

அந்த மேசையில் அப்போது கிடந்தது ஈறு நோய் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும்தான்.

போட்டிக்கு என்ன எழுதுவது என்று அக்கா கைநகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூர் ஒரு கேள்வி கேட்டார். "சிஸ், உங்க ஊர்லயும் கடல் இருக்குல்ல? அங்க யாரும் லவ் பண்ண மாட்டாங்களா?"

அக்காவுக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "மரைன் டிரைவிலை வெய்யிலுக்கை குடை பிடிச்சுக்கொண்டு சோடி சோடியா இருக்கிறது என்ன, மழைக்கு ஒதுங்கினதுகளே?" என்று என்னிடம் பாய்ந்தார். அன்றோடு ஊட்டியைக் காலி செய்தார்.

புது நாயகன் கொட்டாஞ்சேனைப் பெடியன், புறக்கோட்டையில் புடவைக்கடையில் வேலை, ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவன். நாயகி வெள்ளவத்தை, யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், வெள்ளிக்கிழமை வீட்டில் முட்டைகூட இல்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் சந்திக்கிறார்கள். பஸ்ஸில் தலை இடிக்கும் என்பதற்காக நாயகனின் உயரத்தைக்கூட அக்கா குறைத்துவிட்டார். பேசுவதும் எங்கள் ஊர்த் தமிழ்தான். "நீர் எங்கை இறங்குறீர்?" என்று அவன் கேட்க, "ராஜா காலத்துக் கதையா சிஸ்? நீர், உம்னு பேசுறாங்களே" என்று இந்தியாவில் இருந்து கேட்டார்கள். கேட்டாலும் வாசித்தார்கள். டொரன்டோ வந்தது, பாரிஸ் வந்தது, மட்டக்களப்பு வந்தது. கிளினிக் வாசலில் ஓட்டோ வைத்திருக்கிற சிங்களப் பெடியன் ஒரு வரி தமிழ் வாசிக்கத் தெரியாதவன், அவனும் என்னை மறித்து, "மிஸ், அர கொல்லா அந்திமட்ட கிவ்வாத?" என்பான். கதையில் வரும் பெடியன் கடைசியில் அவளிடம் சொல்லிவிட்டானா என்று கேட்கிறான்.

சொன்னான். கடைசி எபியில், பஸ் தரிப்பில், நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கு உம்மிலை விருப்பம்."

அவ்வளவுதான், தீப்பற்றிக்கொண்டது. எங்களுக்கு 'உம்மிலை' என்றால் 'உம் மேல்'. அக்கரையில் அதை எப்படி வாசித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? உம் மேல் விருப்பம் *இல்லை*! "இவ்ளோ தூரம் இழுத்துட்டு ஹீரோ ரிஜெக்ட் பண்றானா? டூ மச் சிஸ்!" என்று ஒருவர். "இவனுக்கா நான் வேலைவெட்டியை விட்டுட்டு அழுதேன்?" என்று இன்னொருவர். "உம் இலைன்னா என்ன இலை? வாழையிலையா?" என்று மூன்றாமவர். அதற்கு டொரன்டோ அடிக்க வந்தது. "இலை எண்டால் மேலை எண்டு அர்த்தம், விளங்காட்டி வாயை மூடிக்கொண்டு இரும்" என்று பாரிஸ் பாய்ந்தது. அக்காவின் வலைப்பூவில் அப்படி ஒரு சனக்கூட்டத்தை நான் கண்டதேயில்லை.

மறுநாள் பதிப்பகத்தில் இருந்து ஒரு தம்பி அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார், கிளினிக்கே கேட்டது.

"மேடம், உங்க நாவல்தான் செலக்ட் ஆகிற நிலைமையில இருக்கு. ஒரே ஒரு வரி, அதை மட்டும் 'உன்னைக் காதலிக்கிறேன்'னு மாத்திடுங்க. எல்லாருக்கும் புரியும்."

அக்காவின் கண் அந்த வெறும் மேசைக்குப் போனதை நான் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்றார். ஒரு கேள்விக்கு அக்கா உடனே பதில் சொல்லாதது அன்றைக்குத்தான்.

பின்னேரம் கூட்டம் கூடியதும், மாற்றிய எபியை வாசித்தார். பஸ் தரிப்பு. பெடியன் நிலத்தைப் பார்க்கிறான். வாயைத் திறக்கிறான். "நான் உன்னை உயிருக்குயிராய்க் காதலிக்கிறேன்."

முழு வரிசையும் கொல்லென்று சிரித்தது. மனேஜர் ஐயா அன்று உண்மையாகவே ஊசி போட்டிருந்தார், சிரிப்பு ஒரு பக்கத்தால்தான் வந்தது. அப்போது யாரும் எதிர்பாராதபடி உள்ளே கதவு திறந்து, கையில் குறடோடு டொக்டர் வந்து நின்றார்.

"மிஸ், அவன் கொட்டாஞ்சேனைப் பெடியன்தானே? நேற்று நல்லாத்தானே சொன்னவன். இண்டைக்கு ஏன் ஷூட்டிங்கிலை நிக்கிறவன் மாதிரிக் கத்துறான்?"

டொக்டர் இத்தனை சொற்களை ஒன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு எபியையும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார், கள்ள மனுசன்!

எபி அக்கா நிமிர்ந்தார். ஃபோனை எடுத்தார்.

"தம்பி, அந்த வரி மாறாது. வெள்ளவத்தையிலை ஒருத்தரும் உன்னைக் காதலிக்கிறேன் எண்டு சொல்லுறேல்லை. விருப்பம் எண்டுதான் சொல்லுவினம். அதையும் பயந்து பயந்துதான் சொல்லுவினம்."

"அப்போ கீழ ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாமா மேடம்?"

"உமக்குக் கலியாணம் ஆச்சோ?"

"இன்னும் இல்ல மேடம்."

"ஆகாது. காதலைச் சொல்லுற இடத்திலை அடிக்குறிப்புப் போடுற ஆம்பிளைக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது?"

ஃபோனை வைத்தார். எல்லாரும் கைதட்டினோம். புத்தகம் வேறொரு நாவலுக்குப் போய்விட்டது. அதன் நாயகனுக்கு ஆறடி, ஊட்டியில் தோட்டம்.

அதன்பின் அக்கா வாசிக்கவில்லை. "நம்பர் ஏழு வாங்கோ, நம்பர் எட்டு வாங்கோ" என்பதோடு சரி. எனக்கு அந்தக் குரலைக் கேட்கவே பொறுக்கவில்லை. கிளினிக்கில் திடீரென்று எல்லாருக்கும் பல்லு நோகத் தொடங்கிவிட்டது, உள்ளே இருந்து அலறல் வந்தது. டொக்டர் என்னைப் பார்த்து, "அவவை ஏதும் எழுதச் சொல்லும் பிள்ளை" என்று கெஞ்சினார்.

நான் சொல்லியா கேட்கப்போகிறார்? கடைசியில் எழுப்பிவிட்டது கோயம்புத்தூர்தான். ஒரு காலையில் அக்கா ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "சிஸ், நேத்து என் வீட்டுக்காரர்கிட்ட 'எனக்கு உம்மிலை விருப்பம்'னு சொன்னேன். 'என்ன இலை, விருந்தா?'ன்னு கேட்டார். அர்த்தம் சொல்லிக் குடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் வெட்கப்பட்டு இப்பதான் பார்க்கிறேன். புக் எப்போ வரும்?"

"பாத்தியே? இலை விளங்கீட்டுது!" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்று வேலை முடியக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினார்.

அங்கே தெரிந்த அச்சகம் ஒன்றில் தானே புத்தகம் போட்டார். அந்த அச்சகத்தார் வாழ்நாளில் கல்யாண அழைப்பிதழைத் தவிர எதையும் அச்சடித்ததில்லை. ஆகவே 'உம்மிலை விருப்பம்' என்ற நாவல் தங்க விளிம்போடும், உச்சியில் பிள்ளையார் சுழியோடும், நாலு மூலையிலும் மஞ்சளோடும் வந்தது. கடைசிப் பக்கத்தில், பழைய அழைப்பிதழில் இருந்து அழிக்க மறந்து, 'தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும் இருவீட்டார்' என்றும் இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கிறாங்கள், பிறகு அதுகள் கலியாணம் கட்டத்தானே வேணும்" என்றார்.

பௌர்ணமி விடுமுறைக்குக் கிளினிக் பூட்டியிருந்த ஒரு போயா நாளில் வெளியீடு நடந்தது. மனேஜர் ஐயா புதுப் பல்லுக் கட்டிக்கொண்டு வந்து தலைமை தாங்கினார். ஓட்டோக்காரப் பெடியன் வாசிக்கத் தெரியாமலே ஒரு புத்தகம் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது எனக்குப் பல்லு நொந்தால் வேறெங்கும் போவதில்லை. நோகாவிட்டாலும் சிலவேளை போகிறேன். அந்த மேசையில் ஈறு நோய்க்குப் பக்கத்தில் மஞ்சள் மூலைகளோடு புத்தகம் கிடக்கிறது. புதிதாக வந்த யாராவது எடுத்துப் புரட்டினால், அக்கா நம்பர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். அவர்கள் கேட்க மறந்தால் நான் கேட்டுவிடுவேன்: "உதை எழுதினது நீங்களோ?"

"ஓம் பிள்ளை, நான்தான்" என்பார், என்னை முன்பின் அறியாதவர் போல.

இந்தப் பக்கத்தை எந்தக் கரையில் இருந்து வாசிக்கிறவராக இருந்தாலும் தயவுசெய்து கடைசி வரியைச் சரியாக வாசியுங்கள். எனக்கு எபி அக்காவிலை சரியான விருப்பம்.